ஏற்காட்டு வண்டியின் கதவில் நின்ற கம்: பெயின்ட் போகாமல் எடுத்த விதம்

வீட்டுக்கு வந்திருக்கும் வேகன் ஆர் 2013 மாடல், சிவப்பு. இதற்கு முன் ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதிக்கு ஓடிய வண்டி. முன்கதவு, பின்கதவு இரண்டையும் சேர்த்து விடுதியின் பெயர், பானட்டில் வட்டமாக ஒரு சின்னம், பின்கண்ணாடியில் ஃபோன் நம்பர், இது போக இரண்டு பக்கமும் கதவின் நீளத்துக்கு ஒட்டிய கறுப்புப் பட்டை, அதாவது பீடிங். விற்பதற்கு முன் யாரோ எழுத்துகளை அவசரமாகப் பிய்த்திருக்கிறார்கள். மேலிருந்த வினைல், அதாவது ஸ்டிக்கரின் பிளாஸ்டிக் தாள், பாதி வந்திருந்தது, மீதி துண்டு துண்டாக நின்றது. அதை ஒட்டிய பசையான கம் மட்டும் முழுசாகக் கதவிலேயே தங்கிவிட்டது. அதில் தூசி ஒட்டிக் கறுத்து, தெருமுனையிலிருந்தே விடுதியின் பெயரைப் படிக்கலாம் என்ற நிலை. இடது பின்கதவில் பிளேடு வைத்துச் சுரண்டிய கோடுகளும் இருந்தன.

விசாரித்த பட்டறைகளில் எல்லோரும் ஒரே வழிதான் சொன்னார்கள்: கதவைத் தேய்த்துவிட்டு மறுபடி பெயின்ட் அடித்துவிடலாம். எனக்கு அதில் துளியும் மனமில்லை. தொழிற்சாலையில் வெறும் பாடியாக இருக்கும்போதே பெயின்ட் அடித்து, 140 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுட்டு எடுக்கிறார்கள். சீட், வயரிங், பிளாஸ்டிக் எல்லாம் பூட்டிய வண்டியை எந்தப் பட்டறையிலும் அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அந்த உறுதி ஒரு தடவைதான் கிடைக்கும். அதனால் கம் போவது இரண்டாவது விஷயம். கீழே இருக்கும் பெயின்ட் நிற்க வேண்டும், அதுதான் முதலாவது.

அந்தப் பெயின்டின் மொத்தப் பருமன் பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் வரைதான். ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட், இவ்வளவும் அதற்குள் அடக்கம். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பது மேலே இருக்கும் 40, 50 மைக்ரான் கிளியர் கோட்தான். சாய்த்துப் பிடித்த பிளேடு ஒரே இழுப்பில் அதைக் கீறிவிடும். உப்புத்தாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கம்மைத் தொடுவதற்கு முன்பே எந்தக் கதவில் எந்தப் பெயின்ட் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் லேசாகத் தேய்த்தால் போதும். துணியில் நிறம் ஏறாவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. சிவப்பு ஏறினால் மேலே காவல் இல்லை, தேய்ப்பது நேராக நிறத்தையே தேய்ப்பதாகும். இந்த வண்டியில் மூன்று கதவிலும் பானட்டிலும் துணி சுத்தமாகவே இருந்தது. இடது பின்கதவில் மட்டும் துணி சிவந்தது. கதவைத் திறந்து கண்ணாடி ரப்பர் ஓரத்தைப் பார்த்தால் அங்கே பொடிப்பொடியாகச் சிவப்புத் தெறிப்பு. எப்போதோ அடிபட்டு, வெளியில் பெயின்ட் அடித்த கதவு அது. பிளேடு பட்டதும் அதே கதவில்தான். பட்டறைப் பெயின்ட் தின்னருக்கும் சூட்டுக்கும் சீக்கிரம் இளகும். ஆகவே அந்தக் கதவுக்குத் தனி வைத்தியம் என்று ஆரம்பத்திலேயே முடிவாகிவிட்டது.

அடுத்து கம். கதவில் இருந்தது விரலால் தொட்டால் இழுக்கும் பிசுபிசுப்பு. பானட்டில் இருந்தது அப்படி இல்லை. மஞ்சளாகி, காய்ந்து, பொடி ஓடுகளாக வெடித்துக் கிடந்தது. ஒரே ஸ்டிக்கர் கடையில் ஒரே நாளில் ஒட்டியிருந்தாலும் இப்படி ஆவதற்குக் காரணம் உண்டு. வினைலை வளையும்படி வைத்திருக்க அதில் ஒரு எண்ணெய்ப் பொருளைச் சேர்க்கிறார்கள். வருஷங்கள் போகப் போக அது வினைலை விட்டுக் கம்முக்குள் இறங்குகிறது. மேல்தாள் மொறமொறப்பாகிறது, கம் கொழகொழப்பாகிறது. உரிக்கும்போது தாள் மட்டும் பொடிந்து வந்து கம் தங்கிவிடுவது இதனால்தான். பானட்டிலோ மேலே நேர்வெயில், கீழே எஞ்சின் சூடு. மலைமேல் உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். இவை எல்லாம் சேர்ந்து கம்மையே காயவைத்துவிட்டன.

இன்னொரு விஷயமும் எனக்குப் புரிந்தது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்குள். மேலே எப்போதும் நம்மைவிட ஏழெட்டு டிகிரி குறைவு. அந்தக் குளிரில் வினைலை உரித்தால் வளையாது, உடையும். கம்மும் இறுகிப்போய்ப் பெயின்டைப் பிடித்துக்கொள்ளும். அதே ஸ்டிக்கர் சேலத்துச் சித்திரை வெயிலில் நின்றால் வேறு பொருளாகிவிடுகிறது. கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு வாசலில் பதினோரு மணி வெயிலுக்குக் கதவைக் காட்டி வண்டியை நிறுத்தினேன். தகட்டில் கை வைக்க முடியாத சூடு ஏறியதும், மீதி நின்ற வினைல் துண்டுகளை ஓரத்தில் நகத்தால் கிளப்பி, கதவோடு ஒட்டினாற்போல் பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுத்தேன். நேராக வெளிப்பக்கம் இழுத்தால் வினைல் அறுந்துவிடும், கம்மும் கதவிலேயே தங்கும். தாழ்வாக மடித்து இழுக்கும்போது நிறைய இடங்களில் கம்மும் சேர்ந்தே வந்தது. வெயில் எட்டாத கீழ்ப்பகுதிக்கு ஹேர் டிரையர் போதுமானதாக இருந்தது. ஹீட் கன் வேண்டாம் என்பது என் கருத்து. அது 500 டிகிரியைத் தாண்டும். ஒரே இடத்தில் சில வினாடி நின்றால் பம்பர் பிளாஸ்டிக் சுருங்கும், பெயின்ட் கொப்பளிக்கும்.

வெயிலின் உதவி அதோடு சரி. கம்மைக் கரைக்கும் வேலைக்கு நிழல் வேண்டும். சூடான தகட்டில் ஊற்றிய எதுவும் வேலை செய்வதற்குள் ஆவியாகிவிடும், கரைந்த கம் மறுபடி அங்கேயே பரவிக் காயும். மாலை வண்டியை போர்ட்டிகோவுக்குள் விட்டு, தகடு குளிர்ந்த பிறகுதான் புட்டியைத் திறந்தேன்.

எதை ஊற்றுவது என்பதற்கு நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோம். அந்தப் பால் தண்ணீரில் போகாது, சோப்பிலும் போகாது, எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டிக்கர் கம்மும் அதே குணம்தான். தேர்தல் சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதாப் பசை வண்டியில் ஒட்டியிருந்தால் வெந்நீரில் ஊறவைத்தாலே போதும், அது மாவு. ஸ்டிக்கர் கம் பெட்ரோலியத்திலிருந்து வந்தது. அதன் இனத்தைச் சேர்ந்ததில்தான் கரையும்.

கடைவீதிப் பக்கம் பெயின்ட் கடையில் கேட்டால் முதலில் தின்னரைத்தான் எடுத்து வைப்பார்கள். வேகம் அதில்தான் அதிகம், ஆபத்தும் அதில்தான் அதிகம். அதில் டொலுயீன், அசிட்டோன் போன்றவை கலந்திருக்கும். கம்பெனிப் பெயின்ட் கொஞ்ச நேரம் தாங்கலாம், பட்டறைப் பெயின்ட் தாங்காது. ஹெட்லைட், டெயில் லேம்ப் பிளாஸ்டிக்கில் தெறித்தால் மயிரிழை விரிசல் விழும். பெட்ரோல் இன்னும் மோசம். அது குளிர்காலத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். நடுவீட்டில் விளக்கு எரியும், சமையலறையில் அடுப்பு எரியும், போர்ட்டிகோவில் பெட்ரோல் துணியோடு நிற்பது கூடவே கூடாது. நான் வாங்கியது மினரல் டர்பன்டைன். எனாமல் பெயின்டில் கலப்பார்களே, அதுதான். மெதுவாக வேலை செய்யும், நன்றாகச் சுட்ட பெயின்டை ஒன்றும் செய்யாது. இதுவும் எரியும் பொருள்தான், பெட்ரோல் அளவுக்கு உடனே பற்றாது, அவ்வளவே. மண்ணெண்ணெய் கிடைத்தால் அதுவும் ஆகும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு அதிகம் தங்கும். டபிள்யூ.டி.-40 டப்பாவில் இருப்பதும் பெரும்பாலும் இதே குடும்பம்தான். சின்ன இடத்துக்கு அது வசதி, நான்கு கதவுக்குக் கட்டுப்படியாகாது.

முதலில் கதவைத் திறந்து உள்பக்க விளிம்பில் ஒரு சொட்டு வைத்துப் பத்து நிமிஷம் விட்டேன். பளபளப்பு குறையவில்லை, நகத்தால் அழுத்தினால் மெத்தென்று இல்லை, துணியில் நிறம் இல்லை. இந்தச் சோதனையைத் தாண்டாத எதையும் வெளிப்பக்கம் கொண்டுபோகக் கூடாது.

அப்புறம் வேலை. திருப்பூர் பனியன் வேஸ்ட் துணி எல்லாப் பட்டறையிலும் கிடைக்கும், மெத்தென்று இருக்கும். அதிலும் தையல், பொத்தான் உள்ள துண்டுகளை ஒதுக்கிவிட்டுத் தேர்ந்தெடுத்தேன். ஒரு துண்டை டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்து, கம் மேல் விரித்து ஒட்டி, அதன்மேல் பாலிதீன் தாளால் மூடினேன். தாள் இல்லாவிட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிஷம் தொடவே இல்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் பொறுமை இழக்கிறார்கள். துணியில் நனைத்து உடனே தேய்க்க ஆரம்பித்தால், கம்மின் மேல்தோல் மட்டும் கரைந்து, அதில் இருக்கும் மணலும் தூசியும் துணியோடு சேர்ந்து பெயின்டை வரிவரியாகக் கீறும். ஊறவிட்டால் கம் தானாகவே உப்பி, தகட்டின் பிடியை விடுகிறது. துணியை எடுத்தபோது எழுத்தின் ஓரங்கள் சுருண்டு நின்றன. பழைய ஏ.டி.எம். கார்டின் முனையை மெல்லிய துணியால் சுற்றி, படுக்கைவாட்டில் தள்ளினேன். உருண்டை உருண்டையாகத் திரண்டு வந்தது. ஒவ்வொரு தள்ளலுக்கும் துணியின் புது இடம். திரண்ட கம்மை அதே துணியால் மறுபடி தேய்த்தால் பக்கத்தில் இருக்கும் சுத்தமான பெயின்டுக்கும் அது போய்விடும். இரண்டிரண்டு எழுத்தாகத்தான் போனேன். கையில் நைட்ரைல் உறை இருந்தது. டர்பன்டைன் தோலை உலர்த்திப் புண்ணாக்கும்.

பானட்டில் காய்ந்து வெடித்த கம் இதற்கு மசியவில்லை. அங்கே ஊறும் நேரத்தை அரைமணி வரை கூட்டி, நடுவில் துணியைப் புதிதாக நனைத்து வைத்தேன். அப்படியும் தங்கிய ஓடுகளுக்கு ரப்பர் சக்கரம் உதவியது. டிரில்லில் மாட்டிச் சுற்றினால் அழிரப்பர் மாதிரி கம்மை உருட்டி எடுக்கும் சக்கரம் அது. ஸ்டிக்கர் ஒட்டும் கடைகளில் வைத்திருப்பார்கள். எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறையில் பாலிஷ் போடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். வெள்ளியைச் சக்கரத்தில் காட்டியே வாழ்க்கை நடத்துபவர். டிரில்லை என் கையில் பார்த்ததும் நின்று, "அழுத்தாத தம்பி. சக்கரம் தின்னட்டும், நீ புடிச்சா மட்டும் போதும். ஒரே எடத்துல நிக்காத" என்றார். வெள்ளிக்குச் சொன்னது பெயின்டுக்கும் அச்சாகப் பொருந்துகிறது. கெடுப்பது சக்கரம் இல்லை, உராய்வில் ஏறும் சூடு. குறைந்த வேகத்தில் தொட்டுத் தொட்டு எடுத்து, நடுநடுவே புறங்கையால் சூட்டைப் பார்த்துக்கொண்டேன். ஓரங்களிலும் பானட்டின் மடிப்புக் கோட்டிலும் சக்கரத்தைக் காட்டவே இல்லை, அங்கே பெயின்ட் எப்போதுமே மெலிந்திருக்கும். அந்த மடிப்புகளையும் ரப்பர் விளிம்புகளையும் முன்கூட்டியே மாஸ்கிங் டேப்பால் மறைத்திருந்தேன். இந்த டேப்பே கார் பெயின்டுக்காகப் பிறந்ததுதான். இரட்டை நிறம் அடித்த அந்தக் காலத்துக் கார்களில், மறைக்க ஒட்டிய டேப்பை எடுக்கும்போது பெயின்டும் கூட வந்ததைப் பார்த்து, த்ரீ எம் கம்பெனியில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ 1925இல் இதைச் செய்தார். தடம் இல்லாமல் உரிந்து வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் நம் ஊர் வெயிலில் ஒரு நாள் முழுக்க விட்டால் அதுவும் கம் விடும். மாலையே உரித்துவிட வேண்டும்.

இடது பின்கதவுக்கு டர்பன்டைனைக்கூட நான் நம்பவில்லை. அங்கே முதலில் தேங்காய் எண்ணெய். பஞ்சில் தோய்த்துக் கம் மேல் மட்டும் தடவி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் பாதிக் கம் விரலாலேயே உருண்டு வந்தது. மீதிக்கு நீலகிரித் தைலம். சளிக்கு வைத்திருக்கும் அதே புட்டிதான். கம்மை நன்றாகவே இளக்குகிறது, பெயின்டை விரட்டுவதில்லை. ஆனாலும் ஓரத்தில் சோதித்துவிட்டுத்தான் வைத்தேன், நேரம் நீட்டாமல் உடனுக்குடன் துடைத்தேன். ஏற்காட்டு ஆரஞ்சுத் தோலையும் பிழிந்து பார்த்தேன். தோலில் இருக்கும் லிமோனீன் எண்ணெய் கம்மைக் கரைக்கும், கடைகளில் விற்கும் கம் நீக்கிகள் பலவற்றிலும் அது சேர்கிறது. ஒரு ரூபாய் அளவு இடம் அழகாகச் சுத்தமானது. ஒரு கதவுக்கே கூடைத் தோல் வேண்டும் என்பதால் அதோடு விட்டேன். பிளேடு கோடுகள் நகத்தில் தட்டும் அளவுக்கு ஆழம். அவை பாலிஷில் போகாது, டச்-அப் வைத்துத்தான் மறைக்க வேண்டும்.

பீடிங் வேறு கதை. அது ஒட்டியிருந்தது பஞ்சு போன்ற டபுள் சைடு டேப்பில். இழுத்துப் பிடுங்கினால் பெயின்டும் வரும் வாய்ப்பு உண்டு, முக்கியமாகப் பட்டறைப் பெயின்டில். ஹேர் டிரையரால் சூடேற்றி, தூண்டில் நரம்பை பீடிங்குக்குப் பின்னால் கொடுத்து, இரண்டு கையாலும் ரம்பம் போல அறுத்துக்கொண்டே போனேன். பீடிங் முழுசாகக் கையில் வந்தது, டேப்பின் பாதி கதவில் நின்றது. இதில் டர்பன்டைன் சட்டென்று ஏறாது, உள்ளே மூடிய அறைகளாக இருக்கும் பஞ்சு அது. மறுபடி சூடேற்றி, கட்டைவிரலின் சதையால் ஓரத்திலிருந்து உருட்டினால் தொடர்ச்சியாக உருண்டு வரும். விரல் எரியும்தான், ஆனால் இதைவிடப் பெயின்டுக்குப் பத்திரமான கருவி எதுவும் இல்லை. மெலிசான படலம் ஆன பிறகு டர்பன்டைன் துணி தன் வேலையைச் செய்தது.

பின்கண்ணாடிக்கு வந்தால் பிளேடுக்கு அங்கே இடமுண்டு, வெளிப்பக்கத்தில் மட்டும். சோப்புத் தண்ணீர் தெளித்து, சாய்த்து வைத்துத் தள்ளினால் கம் சீவிக்கொண்டு வரும். பனியைப் போக்கும் சூட்டுக் கோடுகள் உள்ள கண்ணாடியாக இருந்தால் உள்பக்கம் பிளேடு படவே கூடாது, ஒரு கோடு அறுந்தால் அந்த வரிசையே வேலை செய்யாது. 2012இல் உச்ச நீதிமன்றம் சன் ஃபிலிமுக்குத் தடை போட்டபோது, அவசரமாகப் பிலிமை உரித்தால் இந்தக் கோடுகள் கூடவே உரிந்துவிடும் ஆபத்து பல வண்டிகளுக்கு வந்தது. முன்கண்ணாடியில் பழைய ஃபாஸ்டேக் எடுத்த தடமும் இருந்தது. அதற்குத் தைலம் நனைத்த பஞ்சே போதும், டேஷ்போர்டில் சொட்டாமல் கீழே துணி விரித்துக்கொள்ள வேண்டும்.

கம் எல்லாம் போனதும் வண்டியை ஷாம்பு போட்டு இரண்டு தரம் கழுவினேன். எண்ணெய்ப் படலம் தங்கினால் அடுத்த வேலை எதுவும் ஒட்டாது. கழுவியது மேட்டூர் காவிரித் தண்ணீரில். எங்கள் போர் தண்ணீர் கடினம். காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும், சிவப்பில் அது பளிச்சென்று தெரியும். தடவிப் பார்த்தபோது இன்னும் சொரசொரப்பு இருந்த இடங்களில் கிளே பாரை, அதாவது பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டியை, ஷாம்பு நுரையோடு ஓட்டினேன். கண்ணுக்குத் தெரியாத கம் துணுக்குகள் அதில் ஏறி வந்தன. டர்பன்டைன் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல், கொடியில் விரித்துக் காற்றாட விட்டுப் பிறகு அப்புறப்படுத்தினேன்.

கம் போனாலும் பெயர் போகவில்லை. எழுத்து இருந்த இடம் வெயில் படாமல் அடர் சிவப்பாகவும், சுற்றி வெளிறியும் இருந்தது. இதைக் கம் என்று நினைத்து மேலும் மேலும் தேய்ப்பவர்கள் உண்டு. அது கம் இல்லை, நல்ல பெயின்ட். மங்கியது சுற்றுப்புறம்தான், ஆகவே பாலிஷ் அங்கேதான் வேலை செய்ய வேண்டும். முதலில் லேசான பாலிஷ், போதாத இடத்தில் மட்டும் அதைவிடச் சொரசொரப்பான காம்பவுண்ட் கொஞ்சம், கையாலேயே. கதவு முழுக்க ஒரே நிறத்துக்கு நெருங்கி வந்தது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மட்டும் முதல் எழுத்தின் நிழல் இன்னும் தெரிகிறது. அதைப் போக்க இன்னும் தேய்த்தால் போவது கிளியர் கோட். அந்த நிழலை அப்படியே விட்டுவிட்டேன். துணி சிவக்கும் பின்கதவில் காம்பவுண்டே வைக்கவில்லை, மெழுகு மட்டும் போட்டேன்.

பீடிங் ஓடும் கோட்டில் அந்த மெழுகும் கூடாது, டேப் பிடிக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து அந்தக் கோட்டை மட்டும் துடைத்து, காயவிட்டு, பீடிங்கின் பின்னால் புது அக்ரிலிக் டேப் ஒட்டி, நூல் பிடித்து அளவு பார்த்துப் பொருத்தினேன். கையால் ஓரிடம் விடாமல் அழுத்த வேண்டும், இந்த டேப்புக்கு அழுத்தம்தான் முக்கியம். ஒட்டியதும் முழுப் பிடி வந்துவிடாது. சாதாரண வெப்பத்தில் 24 மணி நேரத்தில் பெரும்பகுதி பிடிக்கும், முழுசாகப் பிடிக்க 72 மணி நேரம். அதுவரை வண்டியில் தண்ணீர் அடிக்காமல் நிழலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.